மூக்குக்கு அரக்கு

காலை ஒன்பது இருபதுக்கு வெயில் பின்சீட்டின் வலது ஓரம் வரை வந்துவிட்டது. அக்கா இடது ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். நகர்வதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

அலுவலக வாசல் வரிசையில் அவர்களுக்கு முன்னால் பதினோரு கார்கள் நின்றன. தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியில் அக்காவைப் பார்த்தான். அவனுக்கு வயது நாற்பத்தாறு. தலைமுடியில் பாதி போய்விட்டது. அக்கா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு டாக்ஸி ஸ்டாண்டிலும் எல்லாருக்கும் அவன் தம்பியாகிவிட்டான். அவனுக்கு இளையவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். இன்று பன்னிரண்டு மணிக்கு மெஷின். பன்னிரண்டரைக்குள் போய்ப் படுக்காவிட்டால் அது அடுத்த நோயாளிக்குப் போய்விடும். முந்தாநாள் அப்படித்தான் போயிற்று. மெஷினில் இறங்க வேண்டிய தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிட்டது. பாதங்கள் செருப்புக்குள் நுழையவில்லை. இரவு படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். இன்னொரு தடவை தவறினால் என்ன ஆகும் என்று தம்பி நேற்று டாக்டரிடம் கேட்டான். டாக்டர் பேனாவை மூடிவிட்டு, தவற விடாதீங்க என்றார். 

முந்தாநாள் தவறியதற்குக் காரணம் இந்தக் கார். இன்னும் சரியாகச் சொன்னால், காரின் மூக்கு.

இது ஹைபிரிட் வண்டி. பெட்ரோல் இன்ஜினும் உண்டு, பேட்டரியில் ஓடும் மோட்டாரும் உண்டு. பெரிய பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டின் பக்கவாட்டில், உள்ளங்கை அகலத்துக்குச் சல்லடை போல ஒரு மூடி. காருக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை அதன் வழியாக ஒரு சின்ன விசிறி இழுத்து பேட்டரிக்கு அனுப்பும். வண்டி வாங்கிய அன்று மெக்கானிக் அதைத் தொட்டுக் காட்டினார்.

"இது பேட்டரியோட மூக்கு. மூக்கை மூடாதே. மூக்குல தண்ணி விடாதே. மாசம் ஒருதரம் தூசி தட்டு. வெள்ளத்துல வண்டியை இறக்காதே. வேற ஒண்ணும் கிடையாது."

ஆறு வருடமாகத் தம்பி அதைத்தான் செய்தான். நனைந்த குடையோடு ஏறுபவர்களிடம் குடையை வாங்கி முன்னால் கால்மாட்டில் போடுவான். யாராவது பையை வைத்து மூக்கை மறைத்தால், சிக்னலில் நிற்கும்போது கையை நீட்டி நகர்த்துவான். பேட்டரிக்கு ஒரு நாளும் காய்ச்சல் வந்ததில்லை.

பிறகு மின்கலப் பாதுகாப்பு வாரியம் வந்தது.

ஒரு மழைக்காலத்தில் யாரோ ஒருவர் தன் காரை இடுப்பளவு தண்ணீரில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். கார் கொஞ்ச நேரம் புகைந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் புகைக்காக ஏழு மாடிக் கட்டிடம் எழும்பியது. கீழ் மூன்று மாடி நீர்ப் பிரிவு. மேல் மூன்று மாடி வெப்பப் பிரிவு. ஏழாவது மாடியில் இயக்குநர். வாரியம் ஒரு கையேடு வெளியிட்டது. இருநூற்றுப் பதினான்கு பக்கம். முதல் பாதியில் ‘நீர் நுழைவுத் துவாரம்’ எக்காலமும் மூடப்பட்டிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. மறு பாதியில் ‘காற்று நுழைவுத் துவாரம்’ எக்காலமும் திறந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. இரண்டும் ஒரே துவாரம். எழுதியது இரண்டு குழு. இரண்டு குழுவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

முந்தாநாள் பாலத்தடியில் நீர்ப் பிரிவின் ஆட்கள் வண்டியை நிறுத்தினார்கள். துவாரம் திறந்திருக்கிறது என்று ஒன்றரை மணி நேரம் எழுதினார்கள். பின்சீட்டில் அக்கா இருந்தாள். மெஷின் போயிற்று. மூன்று நாளுக்குள் நேரில் வந்து துவாரத்துக்குச் சீல் வைத்துக்கொள்ள வேண்டும், வராவிட்டால் வண்டி வாரியத்தின் பறிமுதல் யார்டுக்குப் போகும் என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். வழக்கமாக அந்தச் சீட்டில் உட்காரும் பயணியையும் அழைத்து வரச் சொல்லியிருந்தது. யார்டுக்குப் போன வண்டி திரும்பி வந்ததை ஸ்டாண்டில் ஒருவரும் பார்த்ததில்லை.

"பத்து நிமிஷ வேலைதான்க்கா. ஆஸ்பத்திரி போற வழி" என்று இன்று காலை அவன்தான் சொன்னான்.

"நம்ம கடிகாரத்துலயா, அவங்க கடிகாரத்துலயா?" என்று கேட்டுவிட்டு அக்கா ஏறி உட்கார்ந்தாள்.

நீர்ப் பிரிவின் ஜன்னலுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி பத்தடிக்க ஐந்து நிமிடம். உள்ளே இருந்த எழுத்தர் அம்மா மழைக்கோட்டு போட்டிருந்தார். வெளியே தார் இளகிக்கொண்டிருந்தது. மழைக்கோட்டு அந்தப் பிரிவின் சீருடை. கழுத்து வரை பொத்தான் போட்டு, முகமெல்லாம் வியர்த்து, மிகவும் மரியாதையாகப் பேசினார். அதுதான் தம்பிக்கு முதல் பயம். மரியாதையாகப் பேசும் அதிகாரிகளிடமிருந்து அவன் இதுவரை முழுதாகத் தப்பியதில்லை.

வண்டிக்குள் என்னென்ன திரவம் இருக்கிறது என்று எழுத்தர் கேட்டார். அக்காவின் தண்ணீர் பாட்டில், அரை லிட்டர் என்றான் தம்பி. ஒரு நாளைக்கு அவளுக்கு அவ்வளவுதான் அனுமதி. எழுத்தர் எழுதிக்கொண்டார்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். அப்புறம் தெரிஞ்சா மறைச்சதா ஆயிடும்."

காரின் ஜன்னல் திறந்திருந்தது. அக்காவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "எனக்குள்ள ஒரு மூணு லிட்டர் இருக்கும்மா. அதையும் போட்டுக்கோ" என்றாள்.

தம்பி சிரித்தான். எழுத்தர் சிரிக்கவில்லை. பேனா நின்றது.

"மூணா, மூணுக்கு மேலயா?"

மறைத்ததாக ஆகிவிடும் என்ற சொல் தம்பியின் காதில் இன்னும் இருந்தது. "நேத்து எடை பாத்தப்ப மூணு புள்ளி ரெண்டு" என்றான். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது புரிந்தது. வாயைக் கொடுத்து வம்பை வாங்கியாயிற்று.

எழுத்தர் கையேட்டில் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தார். மின்கலத்துக்கு நேர் மேலே ஒரு லிட்டருக்கு மிகையான திரவம் இருக்கக் கூடாது.

"மின்கலம் சீட்டுக்கு அடியிலதானே? இவங்க சீட்டு மேலதானே உக்காந்திருக்காங்க?"

"மேடம், அவங்க என் அக்கா. மனுஷங்க."

"கொள்கலன் எதுன்னு விதியில போடல சார். குடமா இருக்கலாம், பீப்பாயா இருக்கலாம்."

"பீப்பாய்னே போட்டுக்கோ. இன்னிக்குக் கண்ணாடியில பாத்தப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றாள் அக்கா.

எழுத்தர் அப்படிப் போடவில்லை. அவர் உண்மையை எழுதுபவர். ‘மிகைத் திரவம் 3.2 லிட்டர். கொள்கலன்: பெண், வயது 53’ என்று பதிவேட்டில் எழுதி, ஒரு சின்ன மஞ்சள் சீட்டைக் கிழித்து, அதை அக்காவின் இடது கையில் ஒட்டச் சொன்னார். மெஷின் ஊசி போடும் கை அது. தம்பி மற்றக் கையில் ஒட்டினான்.

பதிவான திரவம் ஆய்வு முடியும்வரை வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. இதை எழுத்தர் சாதாரணமாகச் சொன்னார்.  நேரமாகிவிட்டால் அக்காவை வேறு டாக்ஸியில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று அவன் நினைத்திருந்தான். அந்த வழி இப்போது இல்லை. அளவைக் குறைத்துக்கொண்டு வந்தால் பதிவை நீக்கிவிடலாம் என்றார் எழுத்தர். ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் குறையும் என்றான். தாராளமாகப் போகலாம், குறைந்த பிறகு, என்றார். அவன் இன்னொரு முறை விளக்கினான். அவரும் சலிக்காமல் இன்னொரு முறை விளக்கினார்.

பிறகு எழுத்தரே எழுந்து வந்து சீல் வைத்தார். மூக்கின் மேல் இரண்டு மடிப்பு மெழுகுத் துணி. நாலு ஓரத்திலும் மெழுகுவர்த்தியில் உருக்கிய சிவப்பு அரக்கு. அதன் மேல் பித்தளை முத்திரை. பழைய கோப்பு அறைகளில் கட்டுக்கு வைப்பார்களே, அதே முத்திரை. வேலை சுத்தமாக இருந்தது. முழங்கால் போட்டு உட்கார்ந்து, தான் செய்ததைத் தானே ஒரு நிமிடம் பார்த்தார்.

"இனிமே ஒரு சொட்டு உள்ள போகாது."

"மேடம், காத்து?"

"காத்து மேல் மாடி" என்றார்.

அரக்கு ஆறும் முன்பே மேல் மாடி வந்துவிட்டது. வெப்பப் பிரிவின் உதவி அதிகாரி மெல்லிய வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பையில் மூன்று வெப்பமானிகள் இருந்தன. குனிந்து சீலைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"யார் மூடினது?"

"உங்க கீழ் மாடிதான் சார்."

"எங்களுக்குக் கீழ் மாடின்னு எதுவும் கிடையாது."

துவாரத்தை அடைத்ததற்கு ஒரு நோட்டீஸ் எழுதினார். அப்படியானால் இதைப் பிரித்துவிடலாமா என்று தம்பி கேட்டான். உதவி அதிகாரி பொறுமையாகச் சொன்னார்: வண்டிக்காரர் பிரித்தால் நீர்ப் பிரிவு வண்டியைப் பறிக்கும். வெப்பப் பிரிவு பிரித்தால் நீர்ப் பிரிவு அவர்கள் மேல் புகார் எழுதும். ஆகவே யாரும் பிரிக்கக் கூடாது. ஆனால் மூடியிருக்கவும் கூடாது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்று தம்பி கேள்விப்பட்டிருக்கிறான். மத்தளத்துக்குள் அக்கா உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்ததில்லை.

அடுத்து வெப்பச் சோதனை. கட்டிடத்தின் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. வண்டியை உள்ளே விட்டு, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை அணைத்து, இன்ஜினை ஓடவிட்டு இருபது நிமிடம் நிறுத்த வேண்டும். வழக்கமான சுமை வழக்கமான இடத்தில் இருக்க வேண்டும்.

"சுமைன்னா?" என்றான் தம்பி.

உதவி அதிகாரி மஞ்சள் சீட்டைப் பார்த்தார்.

தம்பி தான் உட்காருவதாகச் சொன்னான். பதிவில் இருப்பது அவனல்ல என்றார். கும்பிட்டான். அவரும் பதிலுக்குக் கும்பிட்டார். "இருபது நிமிஷம்தானே. சண்டை போட்டா அதுவும் சேந்து நாப்பதாயிடும். கதவைச் சாத்து" என்றாள் அக்கா.

சாத்தினான். அந்தக் கதவை அவன் ஆறு வருடமாகச் சாத்துகிறான். இவ்வளவு கனமாக அது இருந்ததில்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றபோது உதவி அதிகாரி அவனுக்குத் தத்துவத்தை விளக்கினார். இந்தச் சோதனையை அவரே கண்டுபிடித்திருந்தார்.

"அரக்கு உருகிச்சுன்னா சூடு அதிகம்னு அர்த்தம். உருகலைன்னா அடைப்பு இறுக்கமா இருக்குன்னு அர்த்தம். ரெண்டுக்கும் தனித்தனி நோட்டீஸ்."

"குத்தமில்லைன்னு எப்ப சார் வரும்?"

உதவி அதிகாரி உண்மையாகவே யோசித்தார். "அதுக்குப் படிவத்துல கட்டம் இல்ல" என்றார்.

எட்டாவது நிமிடத்தில் அக்கா தலைப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தாள். பத்தாவது நிமிடத்தில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்தது. தம்பி தட்டினான். குறுக்கிட்டால் மறுபடி முதலிலிருந்து என்றார் உதவி அதிகாரி. அவன் கையை எடுத்துக்கொண்டான். உள்ளே அக்கா ஒரு கையைத் தூக்கி, ஒன்றுமில்லை என்பது போல ஆட்டினாள். பதினான்காவது நிமிடத்தில் முன்பலகையில், பேட்டரி சூடாகிறது என்று மஞ்சள் முக்கோண விளக்கு எரிந்தது. பதினாறாவது நிமிடத்தில் அக்காவின் தலை பக்கவாட்டில் சாய்ந்தது. கண்கள் மூடியிருந்தன. அவளுடைய மார்பு ஏறி இறங்குகிறதா என்று தம்பி பார்த்தான். ஆவிக்குள் தெரியவில்லை. அவன் கைகள் அவன் சொல்லாமலே கதவின் பிடியில் இருந்தன.  இழுக்கவில்லை. இழுத்தால் இன்னொரு இருபது நிமிடம். அவன் மனதுக்குள் நொடிகளை எண்ணினான். அறுபது, அறுபது, அறுபது.

திறந்தபோது உள்ளேயிருந்து அனல் முகத்தில் அடித்தது.

"அக்கா."

அவள் தோளைத் தொட்டான்.

"அக்கா."

"இருக்கேன். மூஞ்சிய அப்படி வெச்சுக்காத. பாத்தா எனக்கே பயமா இருக்கு" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

அரக்கு பாதி இளகியிருந்தது. ஓரங்கள் வழிந்து, நடுவில் முத்திரை அப்படியே இருந்தது. உதவி அதிகாரி மகிழ்ந்தார். இரண்டு நோட்டீஸும் கொடுக்கலாம். இரண்டையும் கொடுத்தார். இவ்வளவு நோட்டீஸ் சேர்ந்த வண்டி உடனே யார்டுக்குப் போக வேண்டும். இயக்குநரால் மட்டுமே அதை நிறுத்திவைக்க முடியும்.

மணி பதினொன்று ஐந்து. லிஃப்ட் இருந்தது. அதன் அடிக்குழியில் தண்ணீர் இறங்கக்கூடும் என்று நீர்ப் பிரிவு அதற்குச் சீல் வைத்திருந்தது. தம்பி ஏழு மாடியும் ஓடி ஏறினான். ஒவ்வொரு மாடியின் ஜன்னலிலும் குனிந்து கீழே காரைப் பார்த்தான். மேலே போகப் போக கார் சின்னதாயிற்று. பின் கதவைத் திறந்து வைத்திருந்தான். அக்காவின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. நாலாவது மாடிக்கு மேல் அதுவும் தெரியவில்லை.

இயக்குநர் அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. அவர் நல்ல மனிதர். அவனுக்கு நாற்காலி காட்டினார். அவன் பேசியதைக் கடைசி வரை கேட்டார். கண்கூடக் கலங்கியது. நாங்களும் மனுஷங்கதான் என்றார். அதை நிரூபிக்க மேசையில் கோப்பு எதுவும் இல்லை. பிறகு, அவன் வாரியத்தைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்று பேச ஆரம்பித்தார். தம்பி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"இந்த வாரியம் வர்றதுக்கு முன்னாடி ஒரு வண்டி புகைஞ்சுது. வந்த பிறகு எத்தனை? ஒண்ணுகூட இல்ல. எப்படி சாதிச்சோம்னு கேளுங்க."

தம்பி கேட்டான்.

"சீல் வெச்ச வண்டி எல்லாம் கடைசியில யார்டுக்குத்தான் வருது. யார்டுல நிக்கிற வண்டி சூடாகாது. மேல கூரை போட்டிருக்கோம், நனையாது. தொள்ளாயிரம் மின்கலம். ஒண்ணுக்கும் ஒரு கீறல் கிடையாது. வண்டியை ஓட்டறதுனாலதான் இவ்வளவு பிரச்சினையும்னு நாங்க ரொம்ப ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சோம்."

"மனுஷங்க எப்படி சார் போறது?"

"அது வேற வாரியம்" என்றார் இயக்குநர். அதில் அவருக்கு உண்மையான வருத்தம் இருந்தது.

கடைசியில் கருணை அனுமதி என்று ஒன்று எழுதினார். வண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் ஐந்து மணிக்குள் திரும்பி வரலாம். சீல் பிரியக் கூடாது. அதைக் கவனிக்க முத்திரைக் காவலர் ஒருவர் கூட வருவார். சீல் உடைந்தால் வண்டி அந்த இடத்திலேயே பறிமுதல், உடைத்தவர் மேல் வழக்கு. தம்பி தலையாட்டிக்கொண்டே இருந்தான். இயக்குநரின் பேனா நிற்கவில்லை.

"போகும்போது மூணு புள்ளி ரெண்டு லிட்டர் பதிவு ஆயிருக்கு. வரும்போதும் அதே அளவு இருக்கணும்."

"சார், அதைக் குறைக்கத்தான் போறோம்."

"குறைஞ்சா கசிவுன்னு எழுதுவாங்க. மின்கலத்துக்கு நேர் மேல கசிவு. அது ரொம்பப் பெரிய கேஸ்." இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "என் சொந்த யோசனை சொல்றேன். ஆஸ்பத்திரியில எடுக்கிற தண்ணியை ஒரு கேன்ல வாங்கிட்டு வந்துடுங்க. டிக்கியில வைங்க. கணக்குச் சரியாயிடும்."

தம்பி நன்றி சொன்னான். சொன்னது தன் வாய்தானா என்று படியிறங்கும்போது அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

முத்திரைக் காவலர் காருக்குப் பக்கத்தில் தயாராக நின்றிருந்தார். ஒல்லியான மனிதர். மடியில் வைக்க ஒரு பதிவேடு, காதில் ஒரு பென்சில். முன்சீட்டில் ஏறியதும் முதல் வேலையாகத் திரும்பிச் சீலைப் பார்த்து, ‘11.32, நலம்’ என்று எழுதினார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை எழுத வேண்டும் என்றார். இவருக்கு முன்னால் இருந்தவர் ஒரு சிக்னலில் கண்ணயர்ந்துவிட்டாராம். இப்போது யார்டில் தொள்ளாயிரம் வண்டிக்கும் தினமும் ‘நலம்’ எழுதுகிறார்.

ஆஸ்பத்திரி பதினைந்து நிமிடத் தூரம். தம்பி ஏசியை முழுதாக வைத்தான். குளிர்ந்த காற்று காரெல்லாம் நிறைந்தது. பேட்டரிக்கு மட்டும் போகவில்லை. பின்சீட்டுக்கு அடியில் விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. அவன் அறிந்த சத்தம் இல்லை. வாயைப் பொத்தி வைத்தவன் முனகுவது போல இருந்தது. கண்ணாடியில் பார்த்தான். மெழுகுத் துணி உள்பக்கமாக ஒட்டிக் குழிந்திருந்தது.

‘11.38, நலம்.’

மேம்பாலத்தின் அடியில் முன்பலகையில் மறுபடி மஞ்சள் விளக்கு வந்தது. ஏற்றத்தில் பாதி ஏறியபோது போக்குவரத்து நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் லாரிகள். இன்ஜின் ஓயாமல் ஓடியது. மோட்டார் கைகொடுக்கவில்லை. அரக்கு வாசனை அடித்தது. அதன் பின்னால் வேறு ஒரு வாசனையும் இருந்தது, இஸ்திரிப் பெட்டியைத் துணி மேல் மறந்து வைத்தது போல.

"உங்களுக்கு வாசனை வருதா?" என்றான் தம்பி.

"எனக்கு மூக்கு வேலை செய்யாது. அதனாலதான் இந்த வேலைக்கு எடுத்தாங்க" என்றார் காவலர்.  ‘11.46, நலம்.’

 அக்காவின் மூச்சு இப்போது கேட்டது. ஒவ்வொரு மூச்சும் ஈரத் துணியைக் கிழிப்பது போல வந்தது. கண்ணாடியில் அவள் உதட்டைப் பார்த்தான். நிறம் சரியில்லை. அடியில் சுடுகிறது, காலை எங்கே வைப்பது என்று மெதுவாகக் கேட்டாள். தூக்கி வைக்க அவளால் முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

லாரி நகர்ந்தது. இருபது அடி. மறுபடி நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தவும் என்று முன்பலகையில் எழுத்து ஓடியது. பாலத்தின் நடுவில் பாதுகாப்பான இடம் என்று ஒன்று இல்லை. தம்பி வண்டியை இடது ஓரத்தில் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து நிறுத்தினான்.

காவலரை இறங்கித் தள்ளி நிற்கச் சொன்னான். சீல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் தன் இடம், இறங்க விதியில்லை என்றார் காவலர். சொல்லும்போதே கதவின் பிடியைப் பார்த்தார்.

லாரிகள் தொடும் தூரத்தில் நின்றன. தம்பி இறங்கிப் பின்கதவைத் திறந்தான். அக்காவின் காலடியில் முழங்கால் போட்டான். பித்தளை முத்திரை பதிந்த அரக்கு மெழுகாக இளகியிருந்தது. வண்டி போய்விடும் என்று நினைத்தான். வழக்கு என்று நினைத்தான். அடுத்த மெஷினுக்கு எதில் வருவது என்று நினைத்தான். இவ்வளவையும் நினைத்துக்கொண்டிருந்தபோதே அவன் விரல்கள் துணியின் ஓரத்துக்குள் போய்விட்டன. இழுத்தான். அரக்கு விரலில் ஒட்டிச் சுட்டது. துணி கிழிந்து வந்தது.

விசிறி ஒரு முறை திணறி, பிறகு பெரும் சத்தத்தோடு காற்றை இழுத்தது. தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவன் போல இழுத்தது. சிவப்பு விளக்கு அணையவில்லை. அணையுமா என்று தம்பிக்குத் தெரியவில்லை. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

முன்சீட்டில் பதிவேட்டின் பக்கம் திரும்பும் ஓசை கேட்டது. ‘நலம்’ என்று எழுதும் பக்கம் இல்லை அது. இது கடைசிப் பக்கம். காவலர் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். குரல் மிகவும் தணிந்திருந்தது. மன்னிப்புக் கேட்பவர் போலக் கேட்டார்.

"உடைச்சவங்க பேர் எழுதணும். யாருன்னு போடட்டும்?"

தம்பி வாயைத் திறந்தான்.  நான் என்ற சொல் அங்கேதான் எங்கேயோ இருந்தது. வெளியே வரவில்லை. மண்டியிட்டபடியே, கையில் கிழிந்த துணியோடு, காவலரைப் பார்த்தான்.

அக்கா முன்சீட்டின் முதுகைப் பிடித்துத் தன்னை நிமிர்த்திக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கினாள்.

"என் பேரை எழுதிக்கோப்பா. மெஷின்ல நாலு மணி நேரம் படுத்திருப்பேன், எங்கயும் ஓட மாட்டேன். புடிக்க வர்றவங்களை அங்க வரச் சொல்லு. நான் அங்க போய்ச் சேரணுமா, வேண்டாமா? அதை மட்டும் இப்ப நீ சொல்லு."